பின்னால் கட்டிய கை

பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கும்போது அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாத்தியார் நிற்கிற மாதிரி இல்லை. திருடனைப் பிடித்துப் பின்கட்டாகக் கட்டிக் கூட்டிப் போவார்களே, அந்த மாதிரி. பால் பொங்கும். பருப்பு அடிப்பிடிக்கும். ஆறு வயசுப் பிள்ளை கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் திருதிருவென்று முழிக்கும். அவள் கை மட்டும் முன்னால் வராது. ஒரு வருசம் என் வீட்டுச் சமையலறையில் அப்படியே நின்றாள். அது முடிந்து பதினெட்டு வருசம் ஆகிறது. அந்தக் கை என்னை ஏமாற்றிய மாதிரி இன்னொரு கை என்னை ஏமாற்றியதில்லை.

என்னை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. குடிபாலா பக்கம் ஒரு சென்ட் நிலமில்லாத வீட்டில் பிறந்தவன் நான். மூணாங்கிளாஸ் பாதியில் நின்றுபோனது. பதினோரு வயசில் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் கூடை தூக்கினேன். இன்றைக்கு அதே ஊரில் என் பேரில் மண்டி. சித்தூரில் மூணு மாடி வீடு. டிகிரி படித்தவர்கள் நாலு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் படித்த படிப்பு மாங்காயிடம் செல்லாது. லாரி வந்து நின்றால் நான் ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்து, எத்தனை நாளில் பழுக்கும், எத்தனை கூடை அழுகும் என்று சொல்லிவிடுவேன். தப்பினது கிடையாது.

மண்டியில் நாங்கள் விலையை வாயால் பேசமாட்டோம். கையின்மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து அமுக்குவோம். பிடித்த விரலுக்கு மறுபேச்சு இல்லை. மழை வரட்டும், மார்க்கெட் விழட்டும், பிடித்தது பிடித்ததுதான். இத்தனை வருசத்தில் பிடித்த விரலை நான் விட்டதில்லை. ஜில்லா முழுக்க எனக்கு இருக்கிற பேரே அதுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

அவள் என் சம்சாரத்தின் தங்கை. பேர் வேண்டாம். அந்தப் பேரை என் வாய் சொல்லி எத்தனையோ வருசம் ஆகிறது, எழுத மட்டும் எதற்கு?

என் சம்சாரம் காமாலை வந்து நாலே நாளில் போய்ச் சேர்ந்தாள். ஆனி மாசம், சீசன் உச்சத்தில் இருந்தது. நான் மூணாம் நாள்தான் மண்டியை விட்டு வந்தேன். அதைப்பற்றி வேறு என்ன சொல்ல. மகள் கௌரிக்கு எட்டு வயசு, மகன் முனிக்கு ஆறு. எனக்கு நாற்பத்தி மூணு. ஏர்பேட்டிலிருந்து வந்த என் மாமியார், திருப்பதி காலேஜ் ஹாஸ்டலிலிருந்த சின்ன மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இருபது முடியவில்லை. பி.எஸ்ஸி ஒரு வருசம் முடித்திருந்தாள்.

அக்கா போனால் தங்கை. எங்கள் பக்கத்தில் இதை யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உறவுக்காரர்கள், மண்டிக்காரர்கள் என்று பதினைந்து பேர் இருக்கும். என் தலையில் முதல்முதல் கூடையை ஏற்றிவிட்ட மண்டிப் பெரியவரும் இருந்தார். "வருசம் திரும்பட்டும், அப்பறம் தாலிய கட்டிடு" என்றார். நான் தலையாட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவள் வெளியே வந்தாள்.

"மாமா, நான் எத்தினி நாள் இங்க இருக்கணும்?"

"ஏய், உள்ள போடி" என்றாள் மாமியார்.

"கேட்டுக்கறேம்மா. காலேஜ்ல ஒரு வருசம் லீவு குடுப்பாங்க. அதுக்கு மேல ஆச்சின்னா பேர அடிச்சிடுவாங்க. நாளு சொன்னா எழுதிப் போட்டுடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெண்டாட்டி செத்துப் பதினாறு நாளில் வந்த முதல் சிரிப்பு. முனி என் மடியில் விரலைச் சப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவனைக் காட்டிச் சொன்னேன்:

"இவனும் இவங்க அக்காவும் தானா ஆக்கட்டும். இதோ உக்காந்துக்கினு இருக்காங்களே, இத்தினி பேருக்கும் எலை போட்டு சோறு போடட்டும். ஒரு பெரிய கை ஒத்தாசைக்குப் போவக் கூடாது. அன்னைக்கே நீ பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பு. நான் தடுத்தா என்னான்னு கேளு."

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள், சந்தையில் ஆட்டுக்குட்டி பார்க்கிற மாதிரி. பிறகு பெரியவரைப் பார்த்து, "மாமா சொன்னத கேட்டுக்கினீங்க இல்ல?" என்றாள்.

"கேட்டேம்மா, கேட்டேன்" என்றார் அவர், வாயில் வெற்றிலையோடு சிரித்துக்கொண்டே.

நான் அன்றைக்கே அதை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

முப்பதாம் நாள் காரியம் கழிந்தபின் ஒருநாள் நான் மண்டியிலிருந்து வந்து பார்த்தால் கேஸ் அடுப்பு தரையில் இருக்கிறது. என் வீட்டுச் சமையலறை மேடை கறுப்பு கிரானைட். குப்பம் பக்கத்து குவாரிக்கு நானே போய்க் கல்லைத் தேர்ந்து எடுத்துப் போட்டது. அதன்மேல் மாவு டப்பாக்களை அடுக்கி வைத்துவிட்டு, அடுப்பை ஒரு முழ உயரப் பலகைமேல் இறக்கியிருந்தாள். சிலிண்டரை வராண்டாவுக்குத் தள்ளி, கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் ஓட்டை போட்டு டியூபை உள்ளே இழுத்திருந்தாள்.

"யாரைக் கேட்டு செவுத்துல ஓட்ட போட்ட?"

"மேடை உசரத்துக்கு பசங்க வளர எட்டு வருசம் ஆவும் மாமா. அடுப்ப எறக்க அர நாள்தான் ஆச்சி."

எட்டு வருசம் காத்திருக்க முடியாதவள் ஒருத்தி என் முன்னால் நின்று, அதை வாய்விட்டே சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. சுவர் போனதே என்றுதான் கத்தினேன்.

முதல் மாசம் அந்த அடுப்பைப் பற்றவைக்க அவள் பிள்ளைகளை விடவில்லை. வேர்க்கடலை உரித்தார்கள். வறுத்ததைத் தோல் போகத் தேய்த்து முறத்தில் ஊதினார்கள். முனி ஊதியதில் தோலோடு கடலையும் பறந்தது. புளியை ஊறவைத்துக் கரைத்து, வெங்காயத்தையும் மிளகாயையும் கல்லில் நசுக்கிப் போட்டு, அடுப்பேற்றாமலே சோற்றில் ஊற்றிக்கொள்ளும் பச்சைப்புளி ரசம் செய்தார்கள். அதுதான் என் பிள்ளைகள் வைத்த முதல் ரசம். வாயில் வைத்தால் பல் கூசும். அவள் கிண்ணம் நிறைய ஊற்றிக் குடித்துவிட்டு, "நாளைக்கி புளி கொறச்சிக்கலாமா, தண்ணி ஏத்திக்கலாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். இரண்டும் அரை மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டன.

பிறகு அரிசி. அளவு சொல்லமாட்டாள். டம்ளர் கணக்கு, ஸ்பூன் கணக்கு எதுவும் கிடையாது. அரிசிக்கு மேலே நிற்கிற தண்ணீரில் பிள்ளையின் விரலை விடச் சொல்வாள். கௌரியின் விரலில் ஒரு கணு. முனியின் விரல் குட்டை, அதனால் ஒன்றரை. உப்புக்கு அவரவர் உள்ளங்கைக் குழி. நான் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "உன் வெரல்ல எவ்ளோன்னு சொல்லிட்டா முடிஞ்சிது, இன்னாத்துக்கு இத்தினி பாடு" என்றேன்.

"என் வெரல் எப்பவும் இங்கியே இருக்குமா மாமா?"

செத்துப்போன அக்காளை நினைத்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பெரிய மனசு இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்று அடுத்த நாள் மண்டியில் நாலு பேரிடம் சொன்னேன்.

"வெந்துச்சா சின்னம்மா?" என்று பிள்ளைகள் கேட்டால், "என்னையா கேக்கற? சோத்தக் கேளு" என்பாள். கௌரி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். முனி நிஜமாகவே பானைக்குள் தலையை விட்டு, "வெந்துட்டியா?" என்று கேட்பான். அதற்கும் அவள் கை பின்னால்தான் இருக்கும், சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கும்.

ஒருநாள் கௌரி தாளிக்கும்போது கடுகு வெடித்து மணிக்கட்டில் எண்ணெய் தெறித்தது. பிள்ளை வீறிட்டது. அப்போது அவள் கை முன்னால் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கையை வைத்து, அழுகை நிற்கிறவரைக்கும் தண்ணீர் விட்டாள், ஊதினாள், மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து கௌரியை மறுபடி அடுப்பு முன்னால் உட்காரவைத்தாள். "மூடிய எந்தக் கையில புடிக்கணும்னு இப்ப தெரிஞ்சிதா? போடு கடுக." கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளை விசும்பிக்கொண்டே தாளித்து முடித்தது.

அழுகைச் சத்தத்துக்கு ஓடி வந்த பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா வாசலில் நின்று திட்டினாள். "சின்ன பில்லல்னி நிப்பு தெகர கூர்ச்சோபெட்டி, நுவ்வு சேதுலு கட்டுகோனி நிலபடதாவா?" குழந்தைகளை நெருப்புக்கிட்டே உட்காரவைத்துவிட்டு நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாயா என்று.

"அவுனு அத்தா" என்றாள் இவள். ஆமாம் அத்தை. அதற்குமேல் திட்ட வழியில்லாமல் அந்த அம்மா போய்விட்டாள்.

களி கிண்ட அவர்களுக்கு உயரம் போதவில்லை, பலமும் இல்லை. துடுப்பைப் பாதியாக அறுத்தாள். பெரிய பாத்திரத்தைத் தூக்கிக் கஞ்சி வடிக்க முடியாது என்று, மூணு சின்னப் பாத்திரத்தில் வடிக்காமலே சோறாக்கச் சொல்லிக் கொடுத்தாள். பத்துப் பேர் வந்தால்? ஐந்து பாத்திரம். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், பத்துப் பேருக்கும் ஏன் இப்போதே பழக்குகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. மாங்காயை மோந்து நாள் சொல்கிறவன், என் வீட்டில் என்ன பழுத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. என் சம்சாரம் சமைத்ததை நான் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, சமைக்கும்போது பார்த்தது கிடையாது. இப்போது சாயந்திரமானால் மண்டியை ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொள்வேன். பிள்ளைகள் இரண்டும் தரையில். அவள் நடுவில் நிற்பாள். முனி உருட்டிய களி ஒருநாள் கல்லாகிவிட்டது. அவன் அதைச் சுவரில் எறிந்து பந்து மாதிரி பிடித்தான். அவள் சிரித்தாள் பார், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த வாரம்தான் நான் திருப்பதிக்குப் போய்ப் பட்டுப்புடவை எடுத்தேன், தாலிக்கும் சொன்னேன். எடுத்ததைப் பீரோவில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கேட்டுவிட்டால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போது சில சமயம் நினைப்பதுண்டு.

ஏழு எட்டு மாசத்தில் கௌரி எல்லாம் ஆக்கினாள். மாங்காய் பருப்பு, கத்திரிக்காய்க் குழம்பு, கடலைச் சட்னி. டிபன் கேரியரில் மண்டிக்கு வரவழைத்து எல்லோருக்கும் பங்கு வைப்பேன். "என் பொண்ணு ஆக்கினது, துன்னு பாருங்க. எட்டு வயசு." வெளியூர் வியாபாரி வந்தால் விலை பேசுவதற்கு முன்னால் பருப்புதான்.

முனிதான் கெடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆக்கத் தெரியாமல் இல்லை. நல்லா வந்துகொண்டிருக்கிற ரசத்தில் கடைசியில் ஒரு பிடி உப்பைப் போட்டுவிடுவான். அரிசி வேகும்போதே அடுப்பை அணைத்துவிடுவான். "அக்கா எப்புடி ஆக்கறா பாரு, உனக்கு இன்னாடா கேடு" என்று நான் அவன் காதைத் திருகியிருக்கிறேன். அவள் அந்த உப்பு ரசத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அந்தச் சமயத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு ஒன்றைக் கௌரி எனக்குப் பல வருசம் கழித்துத்தான் சொன்னாள்.

"நீ எத்தினி உப்பு போட்டாலும் நான் துன்னுடுவேன் முனி."

"துன்னு."

"காலேஜ்ல என் பேர அடிச்சிடுவாங்கடா."

"அடிக்கட்டும்."

இவள் அதற்குமேல் அவனைக் கெஞ்சவில்லையாம், மிரட்டவில்லையாம். நான் ஒருத்தி ஆக்கினாலே போதுமே, நீங்க போங்க சின்னம்மா என்று கௌரி சொன்னதற்கு, "ரெண்டு பேரும்னு சொன்னாரு உங்க நைனா. ரெண்டு பேரும்தான்" என்றாளாம். சொன்ன சொல்லில் ஒரு இம்மி குறைத்துக்கொள்ளமாட்டாள், அந்த விசயத்தில் என் ஜாதி.

வருசத் திதி நெருங்கியது. மண்டியில் ஒருநாள் பெரியவர் பருப்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு வம்புக்கு இழுத்தார்.

"எட்டு வயசு பொண்ணு ஆக்கினதுன்னு கதை உடாதடா. இது உன் கொழுந்தியா கை."

எனக்குச் சுருக்கென்றது. "திதிக்கு வாங்க. அவங்கம்மாவுக்கு பசங்களே ஆக்கிப் படைப்பாங்க. உங்க அத்தினி பேருக்கும் அவங்களே பந்தி போடுவாங்க. ஒரு பெரிய கை பட்டுச்சின்னா நான் மண்டிய மூடிடறேன்."

அந்த விருந்தை அவள் கேட்கவில்லை. நானே வைத்தேன், நானே ஆள் அழைத்தேன். பதினாறாம் நாள் உட்கார்ந்திருந்த அதே பதினைந்து பேர்.

திதியன்று விடியுமுன்னே முனியை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனேன். அவன் உப்பைப் போட்டு என் மானத்தை வாங்கிவிடுவானோ என்று எனக்குப் பயம். "இன்னைக்கி ரசம் நல்லா வந்துச்சின்னா சைக்கிள் வாங்கித் தரேன்டா. செவப்பு சைக்கிள். மணி வெச்சது."

அவன் ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். "நெஜமா நைனா?"

"நைனா என்னைக்கிடா பொய் சொன்னேன்?"

பொழுது விடியும்போதே இரண்டும் குளித்து அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டன. எட்டுப் பாத்திரத்தில் சோறு. மாங்காய் பருப்பு, பொரியல், ரசம். அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள். மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பந்தி. முனி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தான், சொட்டு சிந்தாமல். நான் முதல் வாய் வைத்தேன். என் அம்மா வைத்த ரசம்கூட அப்படி இருந்ததில்லை.

பெரியவர் இரண்டு தரம் ரசம் வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு வந்து அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நெஜத்த சொல்லு. நீ கையே போடலியா?"

"போடல பெரியவரே."

"உப்பு?"

"முனி."

"பருப்ப எறக்கினது?"

"கௌரி."

"அப்ப நீ இன்னாதான் பண்ண?"

"நின்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் பலமாகச் சிரித்தேன். பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. இந்த நேரம்தான் சரி, கல்யாணப் பேச்சை எடுத்துவிடலாம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள்.

"மாமா, நான் கெளம்பறேன். மூணு மணிக்கி திருப்பதி பஸ்ஸு. திங்கக்கெழம காலேஜ் தொறக்கறாங்க."

எனக்கு விளங்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை. "இன்னா காலேஜு?"

"பதினாறாம் நாள் நீங்க சொன்னது. இதே எடத்துல, இவங்க முன்னாடி."

"வெளையாட்டுக்கு சொன்னேன்டி அது."

"நான் வெளையாட்டுக்கு ஒரு வருசம் நிக்கல மாமா."

மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். "பாவி, தாய் இல்லாத புள்ளைங்கள உட்டுட்டு போறியேடி." உறவுக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை, சும்மா இரும்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெரல் புடிச்சதுதான்டா அது. நான் சாட்சி இருந்தேன். நான் மாத்திப் பேச முடியாது."

அவளை அடித்து உள்ளே தள்ளியிருக்கலாம். தள்ளுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அத்தனை மண்டிக்காரர்கள் முன்னால் சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு நாளைக்கு எந்தத் துண்டுக்குள் கையை நீட்டுவேன்? இதை அவள் அளந்து வைத்திருந்தாள். அவளுக்கு எல்லாமே அவரவர் கையளவுதானே. என் கையளவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது சமையலறையிலிருந்து கௌரி வந்தாள். கையில் வாழையிலையில் கட்டிய பொட்டலம். புளிச்சோற்று வாசனை. நேராக வந்து அவள் பெட்டிமேல் வைத்தாள். பந்திக்குப் புளிச்சோறு கிடையாது. விடியற்காலையிலேயே இதற்கென்று தனியாகக் கிளறிக் கட்டி வைத்திருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் நைனா."

"எப்போலேர்ந்து?"

"வேர்க்கல்ல உரிச்சப்பவே. மொத நாளே சொல்லிட்டாங்க எங்க ரெண்டு பேருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உடமாட்ட."

எட்டு வயசு. ஒன்பது நடக்கிறது. ஒரு வருசம் என் மடியில் படுத்துக் கதை பேசிய பிள்ளை, ஒவ்வொரு குழம்பாகக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு குழம்புக்கும் அவளை வாசல் பக்கம் ஓரடி நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. நானோ ஒவ்வொன்றையும் கேரியரில் வாங்கித் தின்றுவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

முனி தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "நான் உப்பு போட்டுக்கினேதான் நைனா இருந்தேன். நீதான சைக்கிள்னு சொன்ன."

அவள் பெட்டியை வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டாள். அவன் அவள் தோளில் குத்தினான். குத்தி ஓய்கிறவரைக்கும் வைத்திருந்தாள். பிறகு இறக்கிவிட்டாள். கௌரியின் தலையைத் தடவினாள். என்னைப் பார்த்து, "வரேன் மாமா" என்றாள். அவள் போய்விட்டாள். மூணு மணி பஸ்ஸுக்கு ஒன்றரைக்கே போய்விட்டாள்.

அதற்கப்புறம் என் வீட்டுப் படி ஏறவில்லை. படித்து முடித்து எங்கேயோ வேலையில் இருக்கிறாளாம். கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள், நான் கேட்பதில்லை. இரண்டு பேரும் அவளோடு போனில் பேசுகிறார்கள். நான் கூடத்துக்குள் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அதிலிருந்தே தெரியும். கௌரி கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். நான் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டுப்புடவையைக் கௌரிக்கே கொடுத்தேன். முனிக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். ஓட்டினான். மணி அடித்துக்கொண்டு தெருவெல்லாம் ஓட்டினான், பிள்ளைகள் பிள்ளைகள்தானே.

அன்றைக்குச் சிரித்த உறவுக்காரர்களே இப்போது அவள் பக்கம் பேசுகிறார்கள். இருபது வயசுப் பெண்ணுக்கு நாற்பத்தி மூணு வயசு ஆளா என்கிறார்கள். பேசட்டும். நான் கேட்பது ஒன்றுதான். மாமா, எனக்கு இதில் இஷ்டமில்லை என்று என்னிடம் ஒரு தரம் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா என்று கௌரி திருப்பிக் கேட்டாள். விட்டிருக்கமாட்டேன். அது எனக்கே தெரியும். ஆனாலும் சொல்லியிருக்கலாம். என் வீட்டில், என் அடுப்பில், என் பிள்ளைகளை வைத்துச் செய்திருக்க வேண்டாம்.

அவள் போன அன்று சாயந்திரம், வந்தவர்கள் எல்லாம் கிளம்பியபின், நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மாமியாரும் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாள். முனி அழுத அலுப்பில் தூங்கிவிட்டான். விளக்குப் போடுகிற நேரம். சமையலறையில் பாத்திரம் உருண்டது, தண்ணீர் விழுந்தது, அடுப்பு பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கௌரி தட்டோடு வந்து நின்றாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு.

"சாப்புடு நைனா."

"வேணாம். எடுத்துக்கினு போ."

போகவில்லை. "ஆறிடும்" என்றாள்.

எழுந்து உட்கார்ந்தேன். சாப்பிட இல்லை, குறை சொல்ல. ஒரு லாரி சரக்கில் குறை கண்டுபிடிக்கிறது என் தொழில். எந்த நல்ல சரக்கிலும் ஒரு அழுகலைக் காட்டி விலையை இறக்கிவிடுவேன். பிசைந்து முதல் வாய் வைத்தேன். உப்பைத் தேடினேன். அடிப்பிடித்த வாசனையைத் தேடினேன். வேகாத பருக்கை ஒன்று, ஒரே ஒன்று கிடைத்தால் போதும், தட்டைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன். கௌரி சுவரில் சாய்ந்து என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.